சிவப்பைத் தாண்டியதும் பாலிமர்கள் ஏன் மங்கிப் போகின்றன?

நண்பரே, நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. ஒளிரும் பாலிமர் எல்இடிகள் 1990 முதலே இருக்கின்றன; ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் தொடரில், எலக்ட்ரானின் இயல்பு நிலைக்கும் கிளர்ச்சி நிலைக்கும் உள்ள ஆற்றல் இடைவெளியைக் குறைத்தால் ஒளி சிவப்பை நோக்கி நகரும் என்று பாடநூல் சொல்கிறது; அப்படியிருக்க, தோலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டருக்கு வேண்டிய 940 நானோமீட்டர் ஒளியைத் தரும் பாலிமர் ஏன் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை? இதற்குள் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஆற்றல் இடைவெளி அவ்வளவு குறுகிய பாலிமரைச் செய்ய முடியுமா என்பது ஒன்று. செய்தால் அது ஒளிருமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சிக்கல் முழுவதும் இரண்டாவதில்தான் இருக்கிறது. பாலிமர் மென்படலங்களை வைத்து ஒளிரும் கருவிகளைச் செய்து அளப்பதுதான் என் தொழில் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்தே எழுதுகிறேன். பாலிமரைத் தொகுக்கும் வேதியியலில் எனக்கு இருப்பது கேள்வியறிவு மட்டுமே. அங்கே வேதியியலாளர் ஒருவர் மறுத்துச் சொன்னால் அவர் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கேம்பிரிட்ஜில் 1990-இல் ஒளிர்ந்த முதல் பாலிமரான பாலிஃபினிலீன் வினைலீன் மஞ்சள் கலந்த பச்சை ஒளியைத் தந்தது. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னதாகவே, 1984-இல், ஏறத்தாழ 1 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி கொண்ட பாலிஐசோதியாநாஃப்தீன் அறிமுகமாகிவிட்டது. அந்த இடைவெளிக்கு நேரான அலைநீளம் 1240 நானோமீட்டர். வெறும் நீளத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் இடைவெளி ஓரளவுக்கு மேல் குறைவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சில அலகுகளுக்குப் பிறகு நீட்சியின் பயன் தேய்ந்து நின்றுவிடும். அதனால் 1990-களின் தொடக்கத்திலிருந்து வேறு வழி பின்பற்றப்படுகிறது. எலக்ட்ரானைத் தர விரும்பும் அலகு ஒன்று, ஏற்க விரும்பும் அலகு ஒன்று என்று தொடரில் மாற்றி மாற்றிக் கோத்தால் இடைவெளி சட்டென்று குறுகும். பென்சோதயாடயசோல், டைகீட்டோபிரலோபிரோல், தியனோதயாடயசோல் போன்ற ஏற்பு அலகுகளின் பெயர்களை நீங்கள் கட்டுரைகளில் பார்த்திருப்பீர்கள். கந்தக அணுவுக்குப் பதில் செலினியத்தை வைத்தால் இன்னும் கொஞ்சம் குறையும். சூரிய மின்கலத்துக்காகவும் டிரான்சிஸ்டருக்காகவும் இப்படிப்பட்ட பாலிமர்கள் ஏராளமாகச் செய்யப்பட்டுள்ளன. அவற்றின் கரைசல் பெரும்பாலும் கரும்பச்சையாகவோ கருநீலமாகவோ இருக்கும். ஆனால் குடுவையைப் புற ஊதா விளக்கின் கீழ் பிடித்து, அண்மை அகச்சிவப்பைக் காணும் கேமராவால் பார்த்தாலும் அவற்றில் பலவற்றிலிருந்து ஒளி அநேகமாக வராது. அவை ஒளியை நன்றாக உறிஞ்சுகின்றன, திருப்பித் தருவதில்லை.

ஏன் தருவதில்லை என்பதற்கான அடிப்படைக் காரணத்தை 1970-இல் எங்கில்மனும் ஜார்ட்னரும் கணக்காக்கிக் காட்டினர். கிளர்ச்சி நிலையில் இருக்கும் மூலக்கூறு ஆற்றலை இழக்க இரண்டு வழிகள் உண்டு: ஒளியை உமிழ்வது ஒன்று, பிணைப்புகளின் அதிர்வாக, அதாவது வெப்பமாக, விட்டுவிடுவது மற்றொன்று. ஆற்றல் இடைவெளி குறையக் குறைய இரண்டாம் வழியின் வேகம் அடுக்குக்குறி விகிதத்தில் ஏறுகிறது; இதையே ஆற்றல் இடைவெளி விதி என்கிறோம். இதை ஓர் ஓடையைக் கல் கல்லாய்த் தாவிக் கடப்பதுபோல் எண்ணிப் பார்க்கலாம். கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பின் நீட்சி அதிர்வுக்கு உரிய ஆற்றல் ஏறத்தாழ 0.37 எலக்ட்ரான் வோல்ட். அதை ஒரு தாவல் என்று கொள்ளுங்கள். 540 நானோமீட்டரில் ஒளிரும் பச்சைப் பாலிமரின் இடைவெளி 2.3 எலக்ட்ரான் வோல்ட். அதைக் கடக்க ஆறு தாவல்களுக்கு மேல் வேண்டும். அத்தனையும் ஒரே நேரத்தில் கூடி வருவது அரிது, எனவே மூலக்கூறு ஒளியை உமிழ்ந்தே இறங்குகிறது. 900 நானோமீட்டருக்கு உரிய இடைவெளி 1.38 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. நான்கு தாவல்கூட வேண்டியதில்லை. கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பின் அதிர்வு, 0.17 முதல் 0.2 எலக்ட்ரான் வோல்ட் வரை, சிறிய தாவலாக இருந்தாலும் தொடரின் எலக்ட்ரான்களோடு மிக இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் அதுவும் இந்த இழப்பில் பெரும்பங்கு எடுத்துக்கொள்கிறது.

இழப்பு கூடுவது ஒருபுறம் இருக்க, ஒளி உமிழும் வேகமே குறைகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்த வேகம் ஒளியின் அதிர்வெண்ணின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. மற்றவை எல்லாம் அப்படியே இருக்க, 600 நானோமீட்டரிலிருந்து 900-க்கு நகர்ந்தால் உமிழ்வு ஏறத்தாழ மூன்றரை மடங்கு மெதுவாகிவிடும். மற்றவை அப்படியே இருப்பதும் இல்லை. கொடை அலகிலும் ஏற்பு அலகிலுமாக எலக்ட்ரானும் மின்துளையும் (எலக்ட்ரான் விட்டுச்சென்ற நேர்மின் வெற்றிடம்) பிரிந்து நிற்கும்போது இரண்டின் மேற்பொருந்துதல் குறைந்து உமிழ்வு மேலும் தளர்கிறது. இடைவெளியைக் குறுக்கிய அதே உத்தி ஒளியையும் பலவீனப்படுத்துகிறது என்பதே இந்தத் துறையின் மையமான முரண். இதற்கு மேல், இவ்வகைப் பாலிமர்களின் தட்டையான தொடர்கள் திடப்படலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்கின்றன. முகத்தோடு முகம் பொருந்தும் அத்தகைய அடுக்கில் மிகத் தாழ்ந்த கிளர்ச்சி நிலையிலிருந்து ஒளி வெளிவருவது பெரும்பாலும் தடைபடும். கரைசலில் கொஞ்சம் ஒளிர்ந்த பொருள் படலமானதும் அணைந்துவிடுவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

இப்போது கருவிக்கு வருவோம். மின்சாரத்தைச் செலுத்தி எலக்ட்ரானையும் மின்துளையையும் சந்திக்க வைக்கும்போது உருவாகும் எக்சிட்டான்களில், அதாவது பிணைந்த எலக்ட்ரான்–மின்துளை இணைகளில், நான்கில் ஒன்றே ஒளிரக்கூடிய ஒருமை நிலையில் இருக்கும். மற்ற மூன்றும் வழக்கமாக ஒளிராத மும்மை நிலைக்குப் போகும். சாதாரண ஒளிர்பாலிமரில் அந்த மூன்றும் வீண். உருவான ஒளியிலும் ஐந்தில் ஒரு பங்கு அளவே கண்ணாடித் தகட்டைத் தாண்டி வெளியே வரும். மிச்சம் படலங்களுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஆகவே நூற்றுக்கு நூறு ஒளிரும் பொருளாக இருந்தாலும் வெளிக் குவாண்டம் திறன், அதாவது செலுத்தும் எலக்ட்ரான்களுக்கு வெளியே வரும் ஃபோட்டான்களின் விகிதம், 5 சதவீதத்தில் நின்றுவிடும். படலத்தில் ஒளிர்வுத் திறன் 5 சதவீதமே உள்ள, 900 நானோமீட்டரில் உமிழும் பாலிமர் ஒன்றை எடுத்துக்கொண்டால், எல்லாம் சரியாக அமைந்தாலும் கருவி தரப்போவது 0.25 சதவீதம். செலுத்தும் ஒவ்வொரு 400 எலக்ட்ரானுக்கும் வெளியே வருவது ஒரு ஃபோட்டான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின் 'ஏன் கடைக்கு வரவில்லை' என்ற கேள்விக்கு அதிகம் விளக்கம் தேவைப்படாது.

இதிலிருந்து மீள நாங்கள் செய்வது, குறுகிய இடைவெளி கொண்ட அலகைத் தனித்து நிறுத்துவது. அகன்ற இடைவெளி கொண்ட ஒரு பாலிமரை, பெரும்பாலும் எஃப்8பிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஃபுளுவோரீன்–பென்சோதயாடயசோல் இணைபாலிமரை, ஊடகமாக வைத்து, அதில் ஓரிரு சதவீதம் மட்டும் அகச்சிவப்பு உமிழியைக் கலந்து சுழற்றிப் படலமாக்குவோம். அல்லது அந்த அலகைத் தொடருக்குள்ளேயே இடையிடையே கோக்கச் சொல்வோம். அடுக்கிக்கொள்ளும் தொல்லை குறைகிறது. புதிய தொல்லை ஒன்று முளைக்கிறது: குறுகிய இடைவெளி கொண்ட அலகின் ஆற்றல் மட்டங்கள் ஊடகத்தின் இடைவெளிக்குள் ஆழமாக உட்கார்ந்திருப்பதால் அது மின்னூட்டங்களைப் பிடித்துவைக்கும் பொறியாகிவிடுகிறது. அதனால் ஒளி எங்கே வேண்டுமோ அங்கே எக்சிட்டான் உருவாவது நல்லதே. ஆனால் ஓட்ட மின்னழுத்தம் ஏறுகிறது. மின்னோட்டத்தைக் கூட்டியதும் பொறிகள் நிரம்பி ஊடகமே ஒளிரத் தொடங்கும். நைட்ரஜன் பெட்டிக்குள் கருவியை ஏற்றும்போது விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாமல் இருந்தால் நன்று. மின்முனையின் சதுரம் மங்கலான பச்சையாகத் தெரிந்தால் அது எஃப்8பிடியின் சொந்த ஒளி, ஆற்றல் முழுமையாகக் கைமாறவில்லை என்பதற்கு அடையாளம். இன்னொரு வழி, தொடரையே ஓர் உறைக்குள் இடுவது. சைக்ளோடெக்ஸ்டிரின் என்ற சர்க்கரை மூலக்கூறு வளையங்களுக்குள் பாலிமரைக் கோத்து, பக்கத்துத் தொடர் நெருங்கவிடாமல் செய்யும் முறை 2002 முதல் அறியப்பட்டது. டைகீட்டோபிரலோபிரோல் பாலிமர்களில் பக்கச் சங்கிலியை வளைத்துக் கட்டி அதே பயனைப் பெறுவதும் பின்னர் வந்தது. பார்ஃபிரின் என்ற பெரிய வளைய மூலக்கூறு அலகுகளை நேர்கோட்டில் இறுக்கமாகக் கோத்த சிறு தொடர்கள் வழியாக 850 நானோமீட்டருக்கு அப்பாலும் உருப்படியான ஒளி பெறப்பட்டிருக்கிறது. கன உலோகம் எதுவும் கலவாமல் இது நடந்தது என்பதுதான் அதில் குறிப்பிடத்தக்கது.

வெளியான எண்களைப் படிக்கும்போது சில எச்சரிக்கைகள் வேண்டும். அளப்பவன் என்ற முறையில் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன். உச்சி 690 நானோமீட்டரில் இருக்க, வால்பகுதி மட்டும் 700-ஐத் தாண்டினாலும் 'அண்மை அகச்சிவப்பு' என்று தலைப்பிடும் வழக்கம் இருக்கிறது. எனவே உச்சியின் இடத்தையும், 700-க்கு அப்பால் எத்தனை சதவீத ஒளி விழுகிறது என்பதையும் முதலில் தேடுங்கள். அடுத்து, கேண்டெலாவில் சொல்லப்பட்ட ஒளிர்வு இங்கே பொருளற்றது, ஏனெனில் அந்த அலகு மனிதக் கண்ணின் உணர்திறனை வைத்து வரையறுக்கப்பட்டது. வாட் கணக்கில் தரப்பட்ட கதிர்வீச்சுச் செறிவே கணக்கில் சேரும். உச்சத் திறன் மிகக் குறைந்த மின்னோட்டத்தில் கிடைத்ததா, கருவி உண்மையில் ஓடப்போகும் மின்னோட்டத்தில் கிடைத்ததா என்பதும் முக்கியம். கடைசியாக, நிறமாலைமானிக்குள் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கீற்றணியின் இரண்டாம் வரிசை. 540 நானோமீட்டரில் வரும் பச்சை ஒளி, தகுந்த வடிகட்டி வைக்கப்படாவிட்டால், நிறமாலைமானியில் 1080-இலும் ஓர் உச்சியாகத் தோன்றும். ஊடகத்தின் ஒளி கசியும் கருவியில் இது அழகான அகச்சிவப்பு உமிழ்வு போலவே காட்சி தரும். சிலிக்கான் உணரியின் திறன் 1000 நானோமீட்டரை நெருங்கும்போது வேகமாகச் சரிவதால், திருத்தக் காரணி பெருகி அந்தப் போலி உச்சியை மேலும் ஊதிக் காட்டும். நீண்டலைகளை மட்டும் விடும் வடிகட்டியை இடையில் செருகிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். எங்கள் அறைக்கு வரும் மாணவர்கள் அனைவருக்கும் நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

பாலிமர் அல்லாத கரிமப் பொருள்கள் எங்கே நிற்கின்றன என்று தெரிந்தால் ஒப்பிட எளிதாக இருக்கும். மும்மை நிலையையும் ஒளியாக மாற்றும் பிளாட்டினம்–பார்ஃபிரின் சேர்மம் ஒன்று 2007-இல் 765 நானோமீட்டரில் 6.3 சதவீதத்தைத் தொட்டது. 2017-இல் வேறொரு பிளாட்டினம் சேர்மம் 740 நானோமீட்டரில் 24 சதவீதம் வரை போனது. 2018-இல் மட்டும் இரண்டு குறிப்பிடத்தக்க முடிவுகள் வந்தன. குர்குமின் வகையைச் சேர்ந்த போரான் சேர்மம் ஒன்று, வெப்பத்தால் தூண்டப்படும் தாமத ஒளிர்வு (மும்மை நிலையை வெப்பத்தின் உதவியால் ஒருமை நிலைக்கு ஏற்றி ஒளிரவைப்பது) மூலம் 721 நானோமீட்டரில் ஏறத்தாழ 10 சதவீதம் தந்தது. இணையில்லா எலக்ட்ரான் கொண்ட ஒரு தனியுறுப்புச் சேர்மம், ஒருமை–மும்மைப் பாகுபாட்டையே தவிர்த்துவிட்டு, 710 நானோமீட்டரில் 27 சதவீதம் தந்தது. ஆனால் 2020-இல் பிளாட்டினம் சேர்மங்களைக் கொண்டே 930 நானோமீட்டருக்குப் போனபோது திறன் 2 சதவீதத்தை ஒட்டியே நின்றது, அதுவே பெரிய சாதனையாகக் கொண்டாடப்பட்டது. 740-இல் 24, 930-இல் 2: ஆற்றல் இடைவெளி விதியின் முகத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. எதிரே நிற்கும் போட்டியாளர் யார் என்பதையும் மறக்கக் கூடாது. காலியம் ஆர்செனைடு எல்இடி 940 நானோமீட்டரில், தனக்குத் தரப்படும் மின்திறனில் 40 சதவீதத்துக்கும் மேலாக ஒளியாக்குவது சாதாரணம். பெரோவ்ஸ்கைட் எனப்படும் படிக அமைப்புப் பொருள்களால் ஆன எல்இடிகளும் 800 நானோமீட்டர் அருகே வெளிக் குவாண்டம் திறனில் 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டன.

இதுவரை சொன்னவற்றில் விதியும் கணக்கும் ஐயத்துக்கு இடமில்லாதவை. இனிச் சொல்பவை அப்படியல்ல. நீண்ட பாலிமர் தொடரில் ஒருமை எக்சிட்டான்களின் பங்கு நான்கில் ஒன்றைவிட அதிகம் என்று 2001 வாக்கில் வலுவான சோதனைச் சான்றுகளுடன் வாதிடப்பட்டது. அதன்பின் எதிர்வாதங்களும் எழுந்தன. கருவியைத் திட்டமிடும்போது நான் நான்கில் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியத்தை வைத்தால் தாவல் 0.37-இலிருந்து 0.27 எலக்ட்ரான் வோல்ட்டாகச் சிறுத்து இழப்பு குறையும் என்ற எண்ணம் கோட்பாட்டளவில் சரி. ஆனால் பாலிமரில் இரட்டைப் பிணைப்பின் அதிர்வே முதன்மைக் குற்றவாளியாக இருக்கும் இடங்களில் அதன் பயன் செலவுக்கு ஈடாகுமா என்பது சேர்மத்துக்குச் சேர்மம் மாறும். மூன்றாவதாக, எக்சிட்டானைப் பல அலகுகள்மேல் பரப்பிவிட்டால் ஒவ்வோர் அலகும் அனுபவிக்கும் உருத்திரிபு குறைந்து, அதிர்வோடு உள்ள பிணைப்பும் தளரும் என்ற கருத்து. 2020-இன் பிளாட்டினம் முடிவு இதைத்தான் அடித்தளமாகக் கொண்டிருந்தது. பாலிமருக்கும் இது பொருந்தும் என்று நான் நம்புகிறேன், ஏனெனில் விறைப்பான நீண்ட தொடர் அதற்கு இயல்பாகவே ஏற்றது. ஆனால் இது என் நம்பிக்கையே தவிர, நிறுவப்பட்ட ஒன்றாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குறைகளையே அடுக்கிவிட்டேன், பாலிமரின் பக்கமும் சொல்ல ஒன்றிரண்டு உண்டு. பல கரிமக் குறைக்கடத்திகளில் வெற்றிட மட்டத்துக்கு ஏறத்தாழ 3.6 எலக்ட்ரான் வோல்ட் கீழே எலக்ட்ரான்களைப் பிடித்துவைக்கும் பொதுவான பொறி மட்டம் ஒன்று இருப்பது 2012-இல் காட்டப்பட்டது. நீலப் பாலிமர்களில் எலக்ட்ரான் தடுமாறுவதற்கு இது ஒரு பெருங்காரணம். குறுகிய இடைவெளி கொண்ட பாலிமர்களின் எலக்ட்ரான் மட்டம் பெரும்பாலும் இந்தப் பொறியை ஒட்டியோ அதற்கும் கீழேயோ இருப்பதால் எலக்ட்ரான் அங்கே தடையின்றி ஓடும். மேலும், 1.4 எலக்ட்ரான் வோல்ட் எக்சிட்டானால் வேதிப் பிணைப்பை உடைப்பது கடினம். நீல ஓஎல்இடிகளை (கரிமப் பொருளால் ஆன எல்இடிகளை) வாட்டும் சிதைவு இங்கே அடிப்படையிலேயே மென்மையானது. வெப்பமாகப் போகும் ஆற்றல்கூட வேறு துறைக்கு வரவு. ஒளிராத இதே பாலிமர்களை நுண்துகளாக்கி, ஒளியை உறிஞ்சி ஒலியலையாக வெளியிடும் ஒளி–ஒலிப் படமெடுப்புக்கு நிறமூட்டியாகப் பயன்படுத்துகிறார்கள். அங்கே ஒளிராமை ஒரு தகுதி.

உங்கள் ஆக்சிமீட்டருக்கு வருகிறேன். தக்குவோ அவோயாகி 1974-இல் முன்வைத்த நாடித்துடிப்பு ஆக்சிமீட்டரின் கொள்கைக்கு வேண்டியது, ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் ஒன்றுக்கொன்று வெவ்வேறு விகிதத்தில் உறிஞ்சும் இரண்டு அலைநீளங்கள். 660, 940 என்ற இணை வழக்கமானது, கட்டாயமானதன்று. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 2014-இல் முழுக்கக் கரிமப் பொருள்களால் ஆக்சிமீட்டர் உணரி செய்தவர்கள் அகச்சிவப்பை விட்டுவிட்டு 532 நானோமீட்டர் பச்சையையும் 626 சிவப்பையும் எடுத்துக்கொண்டார்கள். 2018-இல் அதே குழு அச்சிட்ட நெகிழ்தகட்டில் சிவப்போடு 725 நானோமீட்டர் உமிழியைச் சேர்த்து, ஒளி எதிரொளித்துத் திரும்பும் முறையில் அளந்து காட்டியது. அகச்சிவப்புக்குப் போனவர்கள்கூட 725-இலேயே நின்றதைக் கவனியுங்கள்.

ஆகவே 940 என்ற எண்ணை விட்டுவிடச் சொல்வேன். 700 முதல் 800 வரை உள்ள பகுதியில் பாலிமர் உமிழியால் பயனுள்ள ஒளி கிடைக்கும். ஹீமோகுளோபினின் இரு வடிவங்களும் ஏறத்தாழ 800 நானோமீட்டரில் சமமாக உறிஞ்சுவதால், அந்த இடம் ஒப்பீட்டுக்கு நல்ல தளமாகவும் அமையும். 800-க்கும் 900-க்கும் இடையில் முயலலாம், ஆனால் மின்கலம் வேகமாகத் தீரும், உணரியின் பரப்பைப் பெருக்கித்தான் ஈடுகட்ட வேண்டும். 900-க்கு மேல், கன உலோகம் இல்லாத ஒளிர்பாலிமரை நம்பி ஒரு திட்டத்தைத் தொடங்க நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே 940 வேண்டியே தீரும் என்றால், சிறிய காலியம் ஆர்செனைடு எல்இடி ஒன்றை நெகிழ்தகட்டில் பற்றவைத்துவிட்டு, பரந்த பரப்பும் வளையும் தன்மையும் உண்மையில் தேவைப்படும் ஒளி உணரியைக் கரிமப் பொருளால் செய்துகொள்வதே சிக்கனமான வழி. எதைத் தேர்ந்தாலும், பாலிமரை வாங்கும் முன் விற்பவரிடம் கரைசலில் அளந்த ஒளிர்வுத் திறனைக் கேட்காதீர்கள். நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே ஊடகத்தில், அதே செறிவில், படலமாக அளந்த எண்ணைக் கேளுங்கள்.